படம் ஒட்ட வேண்டாம், அடுப்பை அளக்கட்டும்: திருகோணமலையின் சக்தி மூலங்கள் பற்றிக் கேட்ட ஆசிரியைக்கு

கேள்வி இதுதான். மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 10 விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "எமது பிரதேசத்தின் சக்தி மூலங்கள், அவற்றால் கிடைக்கும் தொழில்கள், சுற்றாடலில் அவற்றின் தாக்கம் என்ற தலைப்பில் குழுச் செயற்றிட்டம் செய்ய வேண்டும். பிள்ளைகள் கொண்டுவந்ததெல்லாம் இணையத்தில் எடுத்த காற்றாலைப் படங்கள். இங்கே பார்ப்பதற்கும் அளப்பதற்கும் என்ன இருக்கிறது? எங்கே தொடங்கலாம்? சம்பூர் மின்நிலைய விடயத்தை வகுப்பில் பேசலாமா?"

ரீச்சர், அந்தக் காற்றாலைப் படங்களை முதலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவற்றில் பாதி டென்மார்க்கில் எடுத்தவையாக இருக்கும். மின்வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் அவ்வப்போது பாடசாலைக் கண்காட்சிகளுக்கு நடுவராக அழைக்கிறார்கள். பத்து வருடமாக ஒரே ரெஜிபோம் காற்றாலையையும் ஒரே அட்டைப்பெட்டிச் சூரிய அடுப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "உங்கள் வீட்டில் சோறு எதில் வேகிறது?" என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். தலைப்பில் "எமது பிரதேசம்" என்று இருக்கிறது. ஆகவே பிரதேசத்தில் உண்மையாக எரிகிற நெருப்பிலிருந்து தொடங்குங்கள். அது எங்கிருந்து வருகிறது, அதில் யாருக்குக் கூலி கிடைக்கிறது, எரிந்து மிஞ்சியது எங்கே போகிறது என்று ஒவ்வொரு நெருப்பின் பின்னாலும் பிள்ளைகள் நடந்து போகட்டும்.

முதல் நாள் அடுப்படி. வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லுங்கள். ஒரு குழுவுக்கு விறகு, ஒன்றுக்கு காஸ், ஒன்றுக்கு மின்கேத்தல். விறகை எரிக்க முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும். காஸ் சிலிண்டரை நிறுப்பது வீட்டுத் தராசில் சரிவராது. சின்ன முகாம் அடுப்புச் சிலிண்டர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அந்தக் குழு கணக்கோடு நிற்கட்டும். 28 பாகையில் இருக்கும் ஒரு லீற்றரை 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோயூல் வேண்டும். இது அவர்களுடைய பாடப்புத்தகச் சமன்பாடுதான். மின்சாரக் கணக்கில் அது ஓர் அலகில், அதாவது ஒரு கிலோவாட் மணித்தியாலத்தில், பன்னிரண்டில் ஒரு பங்கு. மூன்று கல் அடுப்பில் 150 முதல் 200 கிராம் விறகு போகும், ஏனென்றால் வெப்பத்தில் பத்தில் ஒன்றுதான் பானைக்குள் இறங்குகிறது, மீதி அம்மாவின் முகத்துக்கும் கூரைக்கும் போகிறது. காஸ் பதின்மூன்று, பதினான்கு கிராம் போதும். கேத்தல் ஓர் அலகில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும். "ஆக, கேத்தல்தான் சுத்தம்" என்று யாராவது கை உயர்த்துவார்கள். அப்போது கேளுங்கள், அந்த அலகு எங்கே செய்யப்பட்டது என்று. அது புத்தளத்துப் பக்கம் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் செய்யப்பட்டது என்றால் அங்கே 40 கிராம் நிலக்கரி எரிந்திருக்கும். புகை புத்தளத்துக்குப் போயிற்று, நம் அடுப்படி வெள்ளையாக இருக்கிறது.

கேத்தல் குழுவை மின்மானிக்குக் கீழே நிறுத்துங்கள். புதிய மானிகளில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஓர் அலகுக்கு எத்தனை துடிப்பு என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 1000, 1600, 3200 என்று மானிக்கு மானி அது மாறும். 1600 என்று எழுதிய மானியில் 2000 வாட் கேத்தலைப் போட்டால் நிமிடத்துக்கு ஐம்பத்து மூன்று தடவை மின்னும், எண்ணி முடிக்க நாக்குச் சுளுக்கும். கேத்தலை நிறுத்திவிட்டு வீட்டில் ஒரு 9 வாட் எல்ஈடி விளக்கை மட்டும் எரியவிட்டால் நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் மின்னும். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி காத்து நிற்பார்கள், "பழுதாகிவிட்டதா சேர்?" என்று கேட்பார்கள். "விளக்கை அணைத்து மின்சாரத்தைச் சேமிப்போம்" என்ற சுவரொட்டி வாசகத்தின் எடை என்ன என்பது அந்த நான்கு நிமிடத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சூடாக்கும் சாமான்தான் அலகைத் தின்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன் மறக்கமாட்டான், அவ்வளவுதான்.

திருகோணமலைக்கு வரும் மின்சாரம் பெரும்பாலும் வெளியில் செய்யப்பட்டு கம்பி வழியாக வருவது. ஆனால் உங்கள் மூதூருக்கு ஒரு விசேடம் இருக்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக்குடாவில் கடலோடு சேர்வது உங்கள் வாசலில். அந்த ஆற்று நீரில் ஒரு பங்கு மேலே விக்டோரியா அணைக்கட்டில் 210 மெகாவாட் சுழலிகளைச் சுற்றிவிட்டு, பிறகு ரந்தெனிகல, ரந்தம்பே சுழலிகளையும் சுற்றிவிட்டு வருகிறது. மலையில் செய்த மின்சாரம் கம்பியில் வந்து சேர, அதைச் செய்த தண்ணீர் வேலை முடிந்து ஆற்றில் வந்து சேர்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. அணைக்கட்டு தண்ணீரை விடும், மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மேலிருந்து வரும் மணல் குறைய, கீழே கழிமுகத்தில் இருப்பதையும் நாம் உழவு இயந்திரத்தில் அள்ளி விற்கிறோம். கரை அரிக்கிறது என்று பிறகு முறையிடுகிறோம். நீர்மின்சாரம் என்றால் "சுற்றாடலுக்குத் தீங்கற்றது" என்று ஒரே வரியில் எழுதும் பிள்ளையை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு வயதான ஓடக்காரரிடம் பேசவிடுங்கள்.

இரண்டாம் இடம், படகுத்துறை. நீங்கள் தேடும் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். விடியற்காலையில் போக வேண்டும். வெய்யில் ஏறிவிட்டால் எல்லோரும் வலை பிரித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். பைபர் படகின் பின்னால் பூட்டியிருக்கும் மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் படகோட்டி கிளப்பும்போது உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் பெற்றோலில்தான் கிளப்புவார். இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதுதான் காரணம். "ஆவியாதல்" என்று கரும்பலகையில் எழுதிய பாடம் அங்கே ஒரு சின்னப் போத்தல் பெற்றோலாக நிற்கிறது. இரு அடிப்பு இயந்திரமானால் எரிபொருளோடு எண்ணெயும் கலந்திருக்கும். அதன் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது, துறையில் நீர்மேல் மிதக்கும் வானவில் படலத்தில் அதுவும் உண்டு.

கணக்குக்கு இரண்டு எண்கள் போதும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணித்தியாலச் சக்தி இருக்கிறது. எரிந்தால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும். இருபது லீற்றர் கான் ஒன்று தீர்ந்தால் 50 கிலோ, ஒரு மூட்டை சீமெந்தின் எடை. பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு நான்கைந்து படகோட்டிகளிடம் கேட்டு எழுதிவரட்டும்: எத்தனை லீற்றர் போயிற்று, எத்தனை கிலோ மீன் வந்தது, எண்ணெய்க்காசு போக எவ்வளவு மிஞ்சியது? மீன் கிலோவுக்கு எத்தனை லீற்றர் என்று வகுத்துப் பார்த்தால் தூரக் கடலுக்குப் போனவருக்கும் குடாவுக்குள் நின்றவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

2022ஐ மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள். அந்த வருடம் ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. அதற்கு முன் பல மாதம் மண்ணெண்ணெயே இல்லை, கான் வரிசையில் கிடந்தது, படகு கரையில் கிடந்தது. உங்கள் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு அப்போது பத்து, பதினொரு வயது. வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். சக்தி நெருக்கடி என்ற பாடத்துக்கு அதைவிட மேலான சாட்சி எங்கிருந்து வரப்போகிறது? இதில் ஒரு முரணும் உண்டு. வரிசையில் நின்ற அந்தத் துறைகளில் சில, தெற்காசியாவின் மிகப் பெரிய எண்ணெய்க் குதத் தொகுதிகளில் ஒன்றின் கண்பார்வையில் இருப்பவை.

அந்தச் சீனக்குடாக் குதங்களுக்கு வருவோம். பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டியவை, இன்று எண்ணிக்கையில் 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 33,000 லீற்றர் பவுசரால் ஒரு குதத்தை நிரப்ப எத்தனை தடவை வர வேண்டும் என்று கேளுங்கள், முந்நூற்று அறுபதுக்கு மேல் வரும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு விமானம் 91 ஆம் குதத்தின் மேல் விழுந்து, அது ஏழு நாள் எரிந்தது என்பது ஊரறிந்த கதை. வெளியூர்க்காரருக்கு நாம் அதை ஒரு சாகசமாகச் சொல்கிறோம். உங்கள் பிள்ளைகள் அதைச் சுற்றாடல் கேள்வியாகக் கேட்கலாம்: ஏழு நாள் கரும்புகை எந்தத் திசையில் போயிருக்கும்? ஏப்ரலில் காற்று எப்பக்கம்?

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்களிலேயே இந்தக் குதங்களைத் திருத்திக் கூட்டாக இயக்குவது பற்றிப் பேசப்பட்டது. 2003 இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசி வந்தது. குதத் தொகுதியில் கீழ்ப்பண்ணை என்ற பகுதி மட்டும்தான் இயங்கியது, மேற்பண்ணை என்ற மற்றப் பகுதியின் குதங்களைக் காடு மூடியது. 2022 ஜனவரியில் செய்த உடன்பாட்டின்படி 14 குதங்கள் லங்கா ஐஓசியிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இருவரும் சேர்ந்து அமைத்த நிறுவனத்திடம். அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் திருகோணமலையைச் சக்தி மையமாக வளர்ப்பதற்கென்று ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கையும் செய்துகொண்டன. இத்தனை கையெழுத்துக்கும் நடுவில் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது. இந்தக் குதங்களைச் சுற்றி யார் வேலை செய்கிறார்கள்? பவுசர் சாரதி, காவலாளி, குழாய் ஒட்டுநர், துருச் சுரண்டி வர்ணம் பூசுபவர், எண்ணெயின் அடர்த்தியைச் சோதிக்கும் ஆய்வுகூட உதவியாளர், கப்பலைக் குடாவுக்குள் வழிநடத்தும் துறைமுக வழிகாட்டி. இதில் எந்த வேலைக்கு நம் மாவட்டத்துப் பிள்ளை போகலாம், அதற்கு என்ன தகைமை வேண்டும் என்று பட்டியலிடச் சொல்லுங்கள். உள்ளே போக அனுமதிக் கடிதம் வேண்டும், கிடைப்பது கடினம். வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடைக்கு அனுமதி தேவையில்லை, சாரதிகள் எல்லாம் அங்கேதான்.

உமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா என்று நெல்லுக்குக் குறைவில்லாத மாவட்டம் இது. நூறு கிலோ நெல்லில் இருபது கிலோ உமி, அந்த உமியை எரித்தால் நான்கு கிலோ சாம்பல். புழுங்கல் அரிசி ஆலைகளில் கொதிகலனுக்கு எரிபொருள் அதே நெல்லின் உமிதான். இங்குள்ள சீமெந்துத் தொழிற்சாலை உமி போன்ற தாவரக் கழிவை எரித்தே தனக்கு மின்சாரம் செய்துகொள்கிறது. நாம் வேலிக்குக் கதியாலாக நடும் கிளிறிசிடியாவும் எரிபொருள்தான். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005 இல் அதை அரசு அறிவித்தது. வேலிக் கதியாலுக்கு அப்படியொரு பட்டம் கிடைத்தது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது. ஆலைக்குப் போகும் பிள்ளைகள் கொதிகலன்காரரிடம் சாம்பலை எங்கே கொட்டுகிறார் என்று கேட்க வேண்டும். வயலில் பரப்பினால் மண்ணுக்கு நல்லது, வாய்க்காலில் கொட்டினால் கேடு. இரண்டும் நடக்கிறது.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நமக்கு மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று, மாரியில் வாடை என்ற வடகிழக்குக் காற்று. கச்சான் மண்ணைக் காயவைக்கும் அளவுக்கு வலு உள்ளதுதான். ஆனால் நாட்டின் பெரிய காற்றாலைப் பண்ணை, 30 சுழலிகளும் 103.5 மெகாவாட்டும் கொண்டது, மன்னாரில் இருக்கிறது. பிள்ளைகள் கட்டாயம் காற்றாலை செய்யத்தான் வேண்டும் என்றால் நாலு கிண்ணக் காற்றுமானி ஒன்று செய்து கூரையில் வைத்து, ஒரு மாதம் காலையும் மாலையும் சுற்றுகளை எண்ணட்டும். காட்சிக்கு வைக்கும் ரெஜிபோமைவிட அந்த ஒரு மாதக் கொப்பிக்கு நான் கூடிய புள்ளி போடுவேன்.

வெய்யிலுக்கு நேரம் ஒதுக்குங்கள். "சூரிய சக்தி" என்றதும் எல்லோரும் மின்சாரம் செய்யக் கூரையில் பூட்டும் சூரியப் படலையே நினைக்கிறார்கள். வீதியில் நெல் காய்வது சூரிய சக்தி. பாயில் கருவாடு காய்வது சூரிய சக்தி, அந்தத் தொழிலில் இருப்பவர்களில் மிகப் பலர் பெண்கள், ஆனால் எந்தச் சக்தி அறிக்கையிலும் அவர்கள் கணக்கு வருவதில்லை. நிலாவெளி உப்பளமும் அதுதான். ஒரு கிலோ உப்புக்கு இருபத்தேழு கிலோ அளவில் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதை மின்சாரத்தால் செய்திருந்தால் பதினெட்டு அலகு செலவாகியிருக்கும். கடையில் ஒரு பக்கற் உப்பை வாங்கும்போது பதினெட்டு அலகு வெய்யிலைச் சேர்த்து வாங்குகிறோம். மின்சார விலையில் போட்டுப் பார்த்தால் யாரும் கறிக்கு உப்பே போடமாட்டார்கள்.

படலுக்கு வந்தால், இங்கே ஒரு கிலோவாட் படல் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு தரும். மாதம் 90 அலகு பாவிக்கும் வீட்டுக்கு அது போதும், கணக்கில். உண்மையில் வீடு மின்சாரத்தைக் கேட்பது இரவு ஏழு மணிக்கு, படல் தருவது பகல் பன்னிரண்டுக்கு. இந்த இடைவெளி 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் தெரிந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று தாவியதில் நாடே இருண்டது என்று செய்தி வந்ததும் சிரித்தோம். குரங்கு தொடக்கிவைத்தது உண்மை. ஆனால் விடுமுறை நாளில் தேவை குறைந்து, வழங்கலில் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடி, வலையமைப்பில் சுழன்றுகொண்டிருந்த கனத்த இயந்திரங்கள் குறைவாக இருந்ததால்தான் அந்த ஒரு தட்டு தாங்கவில்லை. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி சிறு கல்லில் ஏறினால் உருண்டு போய்விடும், வெறும் வண்டி துள்ளும், அதுபோல. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைப் படல் வைத்திருப்போரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. படலும் மின்கலமும் சேர்ந்தே பேசப்பட வேண்டியவை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல சம்பவம் இல்லை.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலைக்கு, எந்தப் பாடசாலை என்பது வேண்டாம், யாரோ அன்பளிப்பாகப் படல்களும் மின்கலங்களும் பூட்டிக்கொடுத்தார்கள். நாடா வெட்டினார்கள், படம் பிடித்தார்கள். மூன்றாம் வருடம் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மின்கலங்களில் காய்ச்சி வடித்த நீர் வற்றித் தட்டுகள் வெள்ளை பூத்துக் கிடந்தன. நீர் விட வேண்டும் என்று யாருக்கும் யாரும் சொல்லவில்லை. கூரையில் ஒரு படலின் மூலையில் வேப்பமரக் கிளை வளர்ந்து நிழல் விழுந்திருந்தது. கையளவு நிழல், ஆனால் கலங்கள் எல்லாம் ஒரே கோவையாக இணைந்திருப்பதால் அந்த வரிசை முழுவதும் மந்தமாகிவிட்டது. கிளையை வெட்டினோம், படலைக் கழுவினோம், பாதி உயிர் வந்தது. மின்கலங்களைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க இருந்தார்கள், ஈயமும் அமிலமும் எங்கே போகும் என்று கேட்டுத் தடுத்தேன். அந்தப் பாடசாலையில் தேவைப்பட்டது மாதம் ஒரு தடவை வரும் ஒரு ஆள். சூரிய மின்சாரத்தில் இருக்கும் நிலையான வேலை அந்த ஆளுடைய வேலைதான். மின் இணைப்பாளர் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்து, கூரை ஏறப் பயப்படாத ஒரு பிள்ளைக்கு ஊரிலேயே சோறு உண்டு. உங்கள் வகுப்பில் சாதாரண தரத்தோடு நின்றுவிடப் போகும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனிச் சம்பூர். பேசலாமா என்று கேட்கிறீர்கள். மூதூர்ப் பிள்ளைகள் சக்தி பற்றிப் படித்துச் சம்பூரைப் பேசாமல் விட்டால்தான் பிழை. ஆனால் ஒழுங்காகப் பேச வேண்டும், நடந்ததை நடந்த வரிசையில்.

2006 இல் சம்பூர் மக்கள் போரால் இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் அங்கே இருக்கும்போதே இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்ரிபிசியும் இலங்கை மின்சார சபையும் 2011 இல் கூட்டு நிறுவனம் அமைத்தன. 500 மெகாவாட் நிலக்கரி அனல் மின்நிலையம், அதற்குச் சம்பூரில் சுமார் 500 ஏக்கர். 2015 இல் மக்கள் திரும்பிவரத் தொடங்கினார்கள், நிலக்கரிக்கு எதிர்ப்பு வலுத்தது, வழக்கும் போனது. 2016 செப்டெம்பரில் திட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. அதே இடத்தில் சூரிய மின்நிலையம் என்ற பேச்சு பல வருடம் நடந்து, 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பில் இருந்தபடி அதன் பணிகளைத் தொடக்கிவைத்தார். முதற்கட்டம் 50, இரண்டாம் கட்டம் 70, ஆக 120 மெகாவாட்.

இப்போது கணக்கு. 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் இருபத்துநான்கு மணித்தியாலமும் முழுவேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு 1 கோடி 20 இலட்சம் அலகு. அலகுக்கு 0.4 கிலோ என்றால் நாளொன்றுக்கு 4,800 தொன் நிலக்கரி. பத்தில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்தாலும் 480 தொன், ஒவ்வொரு நாளும். குளிர்விக்க எடுக்கும் கடல்நீர் சூடாகித் திரும்பக் கொட்டியாரக்குடாப் பக்கம் போகும், அங்கே வலை போடுபவர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். திட்டம் கைவிடப்பட்டது நல்லது என்பது என் கருத்து, அதை ஒளிக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். 50 மெகாவாட் சூரிய நிலையம் நாளொன்றுக்குத் தருவது ஏறத்தாழ இரண்டு இலட்சம் அலகு. மெகாவாட் எண்ணைப் பார்த்தால் பத்தில் ஒன்று, ஆனால் அலகில் பார்த்தால், நிலக்கரி நிலையத்தின் பராமரிப்பு நாட்களைக் கழித்தாலும், நாற்பது ஐம்பதில் ஒன்று. "நிலக்கரிக்குப் பதில் சூரியன்" என்று மேடையில் சொல்வது இலேசு. இந்த வகுத்தலை ஒரு பிள்ளை கரும்பலகையில் செய்து காட்டினால் மேடைப்பேச்சு எதையும் அவள் பிறகு அப்படியே விழுங்கமாட்டாள்.

படலுக்கும் நிலம் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய மூன்று நான்கு ஏக்கர். 2025 இல் முத்துநகரில் தாங்கள் விதைத்துவந்த வயல்களைச் சூரிய மின்திட்டங்களுக்கு எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் திருகோணமலையில் போராடினார்கள். புகை இல்லாத மின்நிலையம் வயலை விழுங்கினால் அது சுற்றாடல் தாக்கமா, தொழில் தாக்கமா? உங்கள் தலைப்பில் இரண்டும் தனித்தனிப் பந்தியாக இருக்கிறது, ஊரில் அவை ஒரே வரப்பில் நிற்கின்றன. படல் பூட்டும் மாதங்களில் நிறையப் பேருக்குக் கூலி கிடைக்கும். பூட்டி முடிந்தால் புல் வெட்ட, கழுவ, காவல் நிற்க, மாற்றிகளைப் பார்க்கச் சிலர் போதும். அதே நிலத்தில் நெல் விதைத்தால் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை என்று அங்கே விதைத்தவரிடமே கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும்.

பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை அறிவித்தலைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வகுப்பில் வாசியுங்கள். வாக்கியங்கள் கரடுமுரடாக இருக்கும், பாதி விளங்காது. எந்தப் பந்தி விளங்கவில்லை என்று அடையாளம் வைப்பதே ஒரு பயிற்சி. வகுப்பில் சம்பூர்ப் பிள்ளையும் இருக்கலாம், படல் நிறுவனத்தில் கூலி வேலைக்குப் போகும் தகப்பனின் பிள்ளையும் இருக்கலாம். வாதம் சூடாகும். ஒரு விதி மட்டும் வையுங்கள்: எண் சொன்னால் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும், ஆளைச் சொன்னால் நேரில் கேட்டிருக்க வேண்டும்.

கடைசியாகக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். பிள்ளைகள் எப்படியும் சுற்றுலா கேட்பார்கள், இதையே கொடுத்துவிடுங்கள். ஏழு கிணறு, நீர் சுமார் 40 பாகை. எரிமலை என்று யாராவது சொல்வார்கள், நம் நாட்டில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறித் திரும்ப மேலே வருகிறது, அவ்வளவுதான். இதில் மின்சாரம் எடுக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு சின்ன விடை உண்டு. நீர் 42 பாகை என்றே வைத்தாலும், அதற்கும் 28 பாகைச் சூழலுக்கும் நடுவில் எந்த இயந்திரத்தை வைத்தாலும், அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டிருந்தாலும், வெப்பத்தில் நூற்றுக்கு நான்கரை வீதத்துக்கு மேல் வேலையாக மாறாது. உயர்தரத்துக்குப் போகும்போது ஏன் என்று படிப்பார்கள். இப்போதைக்கு ஏழு கிணற்றிலும் வெப்பநிலையை அளந்து, ஏன் ஒன்றுபோல இல்லை என்று யோசிக்கட்டும். இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருப்பவர்கள் இருந்தால் அவர்கள் முடிக்கும்வரை தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வெப்பமானி இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று கட்டாயம் கிணற்றுக்குள் விழும்.